சிரப் மூடியில் பனி

மார்கழி பிறந்தால் டிவிக்காரர்களுக்குக் காஷ்மீர் ஞாபகம் வந்துவிடும். கூரை மேல் இத்தனை அடி பனி, ரோட்டில் இத்தனை அடி பனி என்று கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம், அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அங்க வுழறத மட்டும் அளந்து அளந்து சொல்றாங்களே, நம்மூர்ல வுழறது இன்னா சும்மாவா?"

நாங்கள் சிரித்தோம். நாங்கள் என்றால், சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் தோட்ட வேலை பார்க்கிற பத்துப் பதினோரு பேர். காலை ஆறு மணிக்குப் புல்லில் இறங்கினால் ரெண்டு மணிக்குக் கை கழுவுவோம். ஷேர் ஆட்டோ வரும்வரை அந்த டீக்கடைதான் எங்களுக்குச் சட்டசபை. உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும்போது உட்கார்ந்து விடியற்காலைப் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். "எங்க கம்பெனில இன்னிக்கி செருப்பே நனைஞ்சிடுச்சி" என்பார் ஒருவர். "செருப்பா? எனக்குப் பாவாடை முட்டி வரைக்கும் ஈரம்" என்பேன் நான். ஒன்றை ஒன்றரையாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பேச்சு என்றால் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தாளித்தால்தானே வாசனை வரும்.

அவளுக்கு அந்தத் தாளிப்பு ஆகாது. அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இனிஷியலோடு எழுதினாயா, ஆதாரில் இருக்கிற மாதிரி எழுதினாயா என்று கேட்பாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். தண்டலம் பக்கத்தில் வீடு. நான் பிள்ளைப்பாக்கம். ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே கான்ட்ராக்டர், ஒரே நீலக் கோட்டு.

மறுநாள் அவள் டீக்கடைக்கு ஒரு பையோடு வந்தாள். பையில் பதினோரு வெள்ளைத் துணித் துண்டுகள், பதினோரு கயிறுகள், பதினோரு சிரப் மூடிகள். குழந்தைகளின் இருமல் சிரப்புக்கு மேலே கவிழ்த்து வைத்திருப்பார்களே, கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி, அதுதான். நிறைந்தால் பத்து மில்லி. எந்த மருந்துக்கடையில் கெஞ்சினாளோ தெரியவில்லை.

"துணி எல்லாம் ஒரே வேட்டில கிழிச்சது. வேற வேற துணின்னா ஒண்ணு ஜாஸ்தி உறிஞ்சும், ஒண்ணு கம்மியா உறிஞ்சும். கயிறு பத்து முழம், அதுவும் என் கை முழம். சூரியன் வர்றதுக்கு முன்னால கயித்த நீட்டி வெச்சி, அது பக்கத்துலயே துணியப் புல்லு மேல ஒரு தரம் இழுக்கணும். திரும்ப இழுக்கக் கூடாது. மூணு முறுக்கு முறுக்கிப் பிழியணும். நாலாவது முறுக்கு கெடையாது."

"யாரு வேட்டிம்மா இது? கரை எல்லாம் பட்டாட்டம் கீது" என்று கேட்டார் படப்பைக்காரர். அவர் படப்பைப் பக்கம் ஒரு குடோனில் தோட்டம் பார்க்கிறவர்.

"எங்க வூட்டுக்காரரு கல்யாண வேட்டி."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் புருஷன் இதற்கு என்ன சொன்னார் என்று பிறகு நான் கேட்டேன். "பீரோல சும்மாதான கெடந்துச்சி, இன்னொரு தரம் கட்டப் போறியான்னு கேட்டேன். வாயத் தொறக்கல" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் பனிக்கு அளவு வந்துவிட்டது. "இன்னிக்கி எனக்கு இருபது மில்லி." "எனக்கு முப்பது." பக்கத்து பெஞ்சில் டீ குடிக்கிற லாரிக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பட்டப்பகலில் பெண்பிள்ளைகள் மில்லிக் கணக்குப் பேசுகிறார்களே என்று ஒருவர் டீ மாஸ்டரிடம் வருத்தப்பட்டாராம். படப்பைக்காரர் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். காலை ஏழு மணிக்குள் அவரவர் அளவைப் போட்டுவிட வேண்டும்.

அவருடையதுதான் எப்போதும் அதிகம். ஐம்பது, ஐம்பத்தைந்து என்று அடித்து விளாசுவார். எங்களுக்கு வயிற்றெரிச்சல். அவள் நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டாள். வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டு, ரெண்டு ஷேர் ஆட்டோ மாறி, படப்பை குடோன் வாசலில் போய் நின்றிருக்கிறாள். அவர் துணியை இழுப்பதைக் கிட்டே நின்று பார்த்துவிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். திங்கட்கிழமை நாங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டோம். பொய்தானே, பொய்தானே என்று பிடுங்கினோம்.

"அவரு பொய் சொல்லல. அளந்ததெல்லாம் சரி. முந்தின நாளு தொவச்ச துணி காயல, அவ்ளோதான். காஞ்ச துணில இழுத்தாரு, இருபத்தாறு வந்துச்சி. அவரே சொல்லுவாரு."

படப்பைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். அடுத்த நாளிலிருந்து குரூப்பில் எல்லோரும் துணிக் கொடியையும் சேர்த்துப் போட்டோ போட ஆரம்பித்தார்கள்.

அடுத்தவர் கணக்கில் மட்டும்தான் இப்படி என்றால் நான் அவளை எப்போதோ வாய்ச்சண்டையில் முடித்திருப்பேன். ஒரு நாள் முப்பது என்று போட்டாள். நாங்கள் மறந்தே போய்விட்டோம். மூன்று நாள் கழித்து, எல்லோரும் மசால் வடையில் மும்முரமாக இருக்கும்போது, "செவ்வாக்கெழம நான் சொன்னது தப்பு. ஒரு மூடிய ரெண்டு தரம் எண்ணிட்டேன். இருபதுதான்" என்றாள். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. மூன்று நாளாக அது அவள் தொண்டையில் முள்ளாக நின்றிருக்கிறது.

"வுழுந்தது வுழுந்ததுதான்க்கா. வுழாதத சொல்றதுக்குத்தான் டிவி கீதே" என்பாள். அவள் வாயில் அடிக்கடி வருகிற வாசகம் அது.

இந்தக் குணத்துக்கு அவள் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். அவள் அண்ணன் நிலத்தை மனைக்காரர்களுக்கு விற்றபோது, அளக்க வந்தவர்கள் ஓரத்து வாய்க்காலையும் சேர்த்துச் சங்கிலி பிடித்துவிட்டார்கள். அண்ணன் கமுக்கமாக இருந்தார். புரோக்கரும் வாய் திறக்கவில்லை. கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருந்த இவள், "அது வாய்க்காலுங்க, எங்களுது இல்ல. திருப்பி அளங்க" என்றாள். அளந்தார்கள். அதற்கப்புறம் ரெண்டு பொங்கலுக்கு அண்ணன் வரிசை கொண்டு வரவில்லை. தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ரெண்டாவது பொங்கலன்று நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கரும்பு இல்லாத வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வாய்க்காலுன்னு சொல்லாம இருந்திருக்கலாமில்ல" என்றேன். "வாய்க்காலு வாய்க்காலுதான்க்கா" என்றாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, ரெண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

இனி அந்தக் குளிருக்கு வருகிறேன். எனக்கு விவரம் தெரிந்து அப்படியொரு மார்கழி வந்ததில்லை. ஹைவேயில் கம்பெனி பஸ்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரனை அடித்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து வரும். முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. எங்கள் கம்பெனி கேட்டுக்கு உள்ளே, கொடிக்கம்பத்தைச் சுற்றி, ஒரு பெரிய கொரியன் புல்வெளி. காலையில் அது பச்சையாகவே இருக்காது, பால் கொட்டின மாதிரி வெள்ளையாக இருக்கும். துணியை இழுத்தால் இழுத்த வழி மட்டும் பச்சைப் பட்டையாகத் தெரியும்.

முதல் நாள் இருபத்தெட்டு. அடுத்த நாள் முப்பத்து மூன்று. அப்புறம் முப்பத்தேழு. குரூப் பற்றிக்கொண்டு எரிந்தது. வல்லத்தில் முப்பத்தைந்து, படப்பையில் முப்பத்து மூன்று, பிள்ளைப்பாக்கத்தில் முப்பத்தாறு. நைட் ஷிப்ட் முடித்து வெளியே வருகிற லைன் ஆட்கள் பஸ் ஏறாமல் நின்று, "இன்னிக்கி எவ்ளோக்கா?" என்று கேட்பார்கள். அவள் மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோட்டைப் பார்க்கும்போது பத்துப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். நாற்பத்தொன்று வந்த அன்று விசில் அடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தக் குளிரில் அவள் முகம் மட்டும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தவள் முகமாகச் சிவந்திருந்தது.

அந்த விசில் சத்தம்தான் கம்பெனி நிர்வாகம் பார்க்கிற அட்மின் சாரை இழுத்து வந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கையில் ஒரு பேப்பர் இருந்தது. போர் தண்ணி எங்கள் கம்பெனியில் உப்பு. புல்லுக்கு ஆகாது. அதனால் வருஷம் முழுக்க லாரித் தண்ணிதான். அது கட்டுப்படி ஆகவில்லை, புல்லைப் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் புல் விரித்துவிடலாம் என்று மேலே பேச்சு. விரித்துவிட்டால் தோட்டத்துக்கு நாலு பேர் வேண்டாம், ரெண்டு பேர் போதும். கடைசியாகச் சேர்ந்தவர்கள் வெளியே. கடைசியாகச் சேர்ந்தவர்களில் முதல் ஆள் நான்.

"சார், மார்கழி தை ரெண்டு மாசத்துக்கு இந்தப் புல்லுக்கு லாரித் தண்ணி வேணாம் சார். பனியே போதும்" என்றாள் அவள்.

"பனியா? எவ்வளவு விழுதும்மா?"

அவள் மூடியை நீட்டினாள். அட்மின் சார் சிரித்தார். ஆனால் வாங்கிப் பார்த்தார். கயிறு, துணி, மூன்று முறுக்கு எல்லாவற்றையும் விசாரித்தார். "சரி, வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் தண்ணி விடாதீங்க. அன்னிக்குக் காலையில நானே வந்து பார்க்கிறேன். நாற்பது பிழிஞ்சு காட்டுங்க. புல்லை விட்டுடலாம்னு மேல எழுதறேன்" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். எங்களுக்கு முழுக்க நிஜம்.

அந்த வாரம் முழுக்க நாற்பதுக்குக் குறையவில்லை. வியாழக்கிழமை நாற்பத்து மூன்று. ஷேர் ஆட்டோவில் நான் பாட்டே பாடினேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கண் விழித்து வாசலுக்கு வந்தேன். ஒரு நட்சத்திரம் இல்லை. வானம் முழுக்க மூட்டம். காற்று வெதுவெதுவென்று இருந்தது. இத்தனை நாள் அளந்தவளுக்குத் தெரியாதா, மூட்டம் போட்டால் பனி விழாது. என் வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாத்தியம். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. மொபட்டை எடுத்தேன். ஐந்து மணிக்குக் கேட்டில் நின்றேன். "இன்னாக்கா, இவ்ளோ சீக்கிரம்?" என்றார் செக்யூரிட்டி. "சார் வர்றாரில்ல" என்றேன். ஓஸ் பைப்பின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, சாரலாக, பூப்போல, நாங்கள் வழக்கமாகத் துணி இழுக்கிற இடத்தில் மட்டும் அடித்தேன். பார்த்தால் அசல் பனி. என் கைவேலையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறேகாலுக்கு அட்மின் சார் கையில் காபியோடு வந்தார். லைன் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவள் கயிற்றை நீட்டினாள், துணியை இழுத்தாள், மூன்று முறுக்கு. ஒரு மூடி, ரெண்டு மூடி, மூன்று, நாலு, ஐந்து. அதற்கு மேலும் சொட்டியது. விசில் பறந்தது. அட்மின் சார் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கையே தட்டிவிட்டார். "ஐம்பதுக்கு மேல போச்சேம்மா" என்றார். ஜெயித்துவிட்டோம்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். குனிந்து மூடியைப் பார்த்தாள். பிறகு ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள்.

"சார், இது பனி இல்ல. உப்புக் கரிக்குது. போர் தண்ணி."

விசில் நின்றது. "போர் தண்ணியா? யார் விட்டது?" என்றார் அவர்.

"யாருன்னு நான் சொல்ல முடியாது சார், நான் பாக்கல. அளவு தப்பு. இருங்க, வேற எடத்துல இழுக்கறேன்."

கோட்டுக்குள்ளிருந்து வேறொரு காய்ந்த துணியை எடுத்தாள். மாற்றுத் துணி வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் இழுத்தாள். மூன்று முறுக்கு. நாலாவது முறுக்கு முறுக்கடி என்று என் மனசு கத்தியது. அவள் முறுக்கவில்லை. மூடி நிறையவே இல்லை.

"ஏழு சார்."

அட்மின் சார் மூடியை வாங்கிப் பார்த்தார். "நேத்து எவ்வளவு?" என்றார். "நாப்பத்தி மூணு. ஆனா இன்னிக்கி ஏழு" என்றாள். அவர் காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே புல்லில் தள்ளியிருப்பேன். "உன் நாக்க இழுத்து வெச்சி அறுக்கணும். ஐம்பது வந்துச்சே, வாய மூடிக்கினு இருந்தா இன்னா கொறஞ்சி போவுது? பொழப்புடி" என்று எகிறினேன். அவளுக்குக் கண் நிறைந்து நின்றது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"உன் கோட்டு கையெல்லாம் ஈரமா கீதுக்கா. மாத்திக்கோ. சளி புடிச்சிக்கும்."

நான் கோட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தை மாதக் கடைசியில் பிளாஸ்டிக் புல் வந்தது. சுருள் சுருளாக லாரியில் வந்து இறங்கியது. நானும் இன்னொருத்தியும் வெளியே. போகிற அன்று அவள் தன்னுடைய மாற்றுத் துணியை என் பையில் திணித்தாள். நான் வாங்க மாட்டேன் என்று முறைத்தேன், வாங்கியும் கொண்டேன். ரெண்டு மாதம் அவளோடு பேசவில்லை. படப்பையில் ஒரு நர்சரியில் எனக்கு வேலை கிடைத்தது. பேசாமல் எத்தனை நாள் இருப்பது? மூன்றாவது மாதம் நானே போன் போட்டேன்.

அடுத்த மார்கழி. முதல் குளிர் விழுந்த காலை. ஆறு மணியிலிருந்தே குரூப் அலறிக்கொண்டிருந்தது. வல்லத்தில் முப்பத்தொன்று, படப்பை குடோனில் இருபத்தொன்பது. எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்தோம். அவளிடமிருந்து யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குத்தான் புல்லே இல்லையே. ஆறேகாலுக்கு வாய்ஸ் மெசேஜாக அவள் குரல் வந்து விழுந்தது.

"எங்க கம்பெனி. பிளாஸ்டிக்கு புல்லு மேல இழுத்தேன். அறுவத்தி ரெண்டு மில்லி." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "நாக்குல வெச்சிப் பாத்தேன். உப்பு இல்ல. பனிதான். நம்ம புல்லுல ஒரு நாளும் இவ்ளோ வுழல."

படப்பைக்காரர்தான் முதலில் பேசினார். "யம்மா, அத அழிச்சிடு. வெளிய தெரிஞ்சா எல்லா கம்பெனிலயும் பிளாஸ்டிக்கு விரிச்சிடப் போறான்." அவள் எழுதினாள்: "வுழுந்தது வுழுந்ததுதான்ணா."

அந்தக் குரலை நான் மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் சிரித்தேன். ரெண்டாம் தரம் திட்டினேன். மூன்றாம் தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நர்சரிக்குப் பின்னால் விற்பனைக்கு வளர்த்த புல்தரைக்குப் போனேன். அவள் கொடுத்த வேட்டித் துணியை இழுத்தேன். மூன்று முறுக்கு. இருபத்து நாலு.

போனைக் கையில் எடுத்தேன். அறுபத்து மூன்று என்று அடித்தேன். உயிருள்ள புல் தோற்கக் கூடாது என்று ஒரு வெறி. விரல் அனுப்புகிற பொத்தான் மேல் நின்றது. அழித்தேன். இருபத்து நாலு என்று போட்டேன். என் ஆயுசில் நான் சொன்ன முதல் சின்ன அளவு அதுதான். எனக்கே என் மேல் ஒரு பெருமை வந்துவிட்டது. அவள் பாராட்டுவாள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது.

"துணி காஞ்சிருந்துச்சாக்கா?"

விழுந்து விழுந்து சிரித்தேன். பூச்செடி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இப்போது மகன் வேலை பார்க்கிற ஊருக்குப் போய்விட்டாள், குரூப்பிலும் இல்லை. மூன்று மார்கழி ஆகிவிட்டது. ஆனாலும் தினமும் இழுப்பதற்கு முன்னால் கொடியிலிருந்து துணியை எடுத்து ஒரு தரம் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். காய்ந்திருந்தால்தான் புல்லுக்குப் போகிறேன்.